மூன்று பல் போன மாமியார்

பிப்ரவரி 4

அன்புள்ள சகலை அண்ணனுக்கு,

மாமியாருக்கு மூன்று பல் போய்விட்டது.

நம் தச்சுப் பட்டறையைப் பிரித்துக்கொண்ட பிறகு எழுதுகிற முதல் கடிதம் இது. நலம் விசாரித்து ஆரம்பித்திருக்க வேண்டும், ஆனால் காலையிலிருந்து கை கால் ஓடவில்லை. போன் செய்திருக்கலாமே என்பீர்கள். செய்தால் மூன்றாவது வார்த்தையில் நம் இருவர் குரலும் ஏறிவிடும். கடிதத்தில் கத்த முடியாது, அதனால் எழுதுங்கள் என்று என் வீட்டுக்காரி சின்னவள்தான் காகிதத்தைக் கையில் கொடுத்தாள்.

ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் ஒரே மாடலில் இரண்டு இழைப்பு மெஷின் வாங்கினோம், பிரியும்போது ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் பலகையைத் தள்ளும் உருளை, நடுவில் இரண்டையும் பிடித்து வைத்திருக்கும் ஃபைபர் பல்சக்கரம். அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தது நீங்கள். படபடவென்று பேசுகிறவன் என்று எனக்கு மோட்டார் என்றும், உங்களுக்கு உருளை என்றும் பெயர் வைத்தது பட்டறையில் இருந்த மற்றவர்கள்.

இப்போது மோட்டார் சுற்றுகிறது, உருளை நகர மாட்டேன் என்கிறது. பலகை பாதியில் நின்று, கத்தி ஒரே இடத்தில் சுற்றிப் பள்ளம் பறித்துவிடுகிறது. கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன். அந்த மாடலை நிறுத்தி வெகுநாளாகிவிட்டதாம், உதிரிபாகம் எங்கேயும் இல்லை. புதுப் பள்ளிக்கூடத்துக் கதவுகள் எல்லாம் என் தலையில் இருக்கின்றன. மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் வேலை கைமாறிவிடும். பட்டறையையும் மூட வேண்டியதுதான். உங்களிடம் ஏதாவது வழி இருக்கிறதா?

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் சகலை,
மோட்டார்


பிப்ரவரி 9

தம்பி மோட்டாருக்கு,

நீ நலம் விசாரித்தே ஆரம்பித்திருக்கலாம்.

உன் கடிதத்தைப் பிரித்தது என் வீட்டுக்காரி பெரியவள். முதல் வரியைப் படித்தாள், அவ்வளவுதான். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு, கடிதமும் கையுமாக நேரே பஸ் ஏறிவிட்டாள். வழியிலேயே உன் வீட்டுக்காரிக்கும் போன் போட்டு, "அம்மா விழுந்துட்டாங்களாம், பல்லெல்லாம் போச்சாம்" என்று அழுதிருக்கிறாள். அந்தச் சமயம் பார்த்து உன் வீட்டுக்காரி சந்தையில் இருந்தாளாம். காகிதம் கொடுத்த புண்ணியவதிக்கு நீ என்ன எழுதினாய் என்று தெரியாதே! அவளும் கையில் காய்கறிப் பையோடு ஓடியிருக்கிறாள். இரண்டு பேரும் போய் நின்றால், அத்தை வாய் நிறைய வறுகடலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "எவடி அவ, பல்லு போன மாமியா?" என்று கேட்டார்களாம். வேறு வழியில்லாமல் பெரியவள் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டியிருக்கிறாள். "என் பேர ஒரு சக்கரத்துக்கா வெச்சானுங்க!" என்று சொன்னவர்கள்தான், அன்றிலிருந்து என் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். நீ நன்றாக இரு.

விஷயத்துக்கு வருகிறேன். என் மெஷினில் இருக்கிற சக்கரம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கும் உன் சக்கரத்தின் வயதுதான். தண்டிலிருந்து கழற்றும்போது விரிசல் விட்டால் என் பட்டறையும் நின்றுபோகும். உன் கஷ்டம் புரிகிறது, ஆனாலும் என்னால் துணிய முடியவில்லை. உடைந்த பல்லை ஒட்டிப் பார். கெட்டி மரத்தில் ஒன்று செதுக்கிப் பார்.

நீ எடுத்துப்போன என் மூலைமட்டம் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. ஞாபகப்படுத்துகிறேன்.

உருளை


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணனுக்கு,

மூலைமட்டத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். துருப்பிடிக்கவில்லை, எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

ஒட்டிப் பார்த்தேன். மோட்டார் ஓடிய வேகத்தில் ஒட்டிய பல் தெறித்து, ஜன்னல் கண்ணாடியில் பட்டது. மரத்திலும் செதுக்கினேன். அரைப் பலகை தாண்டியது, அப்புறம் புகைதான். தீயும் வாடை வரவே பக்கத்து வீட்டு டீச்சர் வாளியில் தண்ணீரோடு வந்து நின்றார்கள். ஊர் சிரித்ததுதான் மிச்சம்.

கடைசியில் லேத்காரரிடம் போனேன். "பல்லு வெட்டறது பெரிய விஷயமில்ல. இது கடிச்சுத் துப்பின மாதிரி இருக்கு, இத வெச்சு நான் என்னத்த அளக்க? முழுசா ஒண்ணு கொண்டா, ஒரு பகல் இருந்தாப் போதும்" என்றார். ஆகவே உங்கள் மாமியாரை நான் ஒரேயடியாகக் கேட்கவில்லை. அளவெடுக்க மட்டும் இரவல் கேட்கிறேன்.

பலகை அறுக்கும் தொழிற்சாலையில் ஆள் கேட்கிறார்கள். கதவு வேலை போய்விட்டால் அங்கேதான் போக வேண்டும். சின்னவள் "போங்க, அதுக்கென்ன" என்கிறாள். சொல்லிவிட்டு, பட்டறைப் பக்கம் போய் நின்று அந்த மெஷினைத் துடைக்கிறாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நான் ஏன் தனியாகப் போனேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த வக்கீல் வீட்டு வாசல்கதவை நான் இழைத்து முடித்து நிறுத்தியிருந்தேன். வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் இழைப்புளியை எடுத்து அதை மறுபடி இழைத்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுருள் சுருளாக விழுந்ததை நான்தான் கூட்டி அள்ளினேன். திட்டியிருந்தால்கூட அன்றோடு மறந்திருப்பேன் அண்ணே. அன்றிலிருந்து என் கைமேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கோபத்தில் எழுதவில்லை. மனதில் இருந்தது, எழுதிவிட்டேன்.

மோட்டார்


பிப்ரவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டியில் மாமியார் வருகிறார். பத்திரமாக இறக்கிக்கொள்.

உன் கடிதம் வந்த மறுநாள் அத்தையே இங்கு வந்துவிட்டார்கள். என்னோடு பேச்சில்லை, பெரியவளிடம், "எங்கடி அந்தச் சக்கரம்? காட்டச் சொல்லு" என்றார்கள். மெஷினின் மூடியைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். "இந்தப் பக்கம் ஒருத்தன் வேகமா சுத்தறான், அந்தப் பக்கம் ஒருத்தன் நகர மாட்டேங்கறான். நடுவுல மாட்டினது என்னத்துக்கு ஆகும்?" என்று அந்தச் சக்கரத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கழட்டி அவனுக்கு அனுப்புங்க. ஒடைஞ்சிருச்சுன்னா ஒண்ணும் கவலைப்பட வேணாம், நானே இங்க வந்து இருந்துக்கறேன்" என்றார்கள்.

அந்தப் பயத்திலேயே ஒரு கீறல்கூட விழாமல் கழற்றினேன்.

லேத்காரர் எந்த ஃபைபர் எடுக்க வேண்டும், பல்லை எந்தச் சாய்வில் வெட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். பெரியவள் வாங்கிப் படித்துவிட்டு என்னையே பார்த்தாள். கிழித்துப் போட்டுவிட்டேன். அதெல்லாம் உனக்கே தெரியும்.

என் மெஷின் சும்மா நிற்கிறது. நான் கையால் இழைத்துக்கொண்டிருக்கிறேன், முதுகு உன்னைத் திட்டுகிறது. நான் திட்டவில்லை. கதவை முடி, அப்புறம் திருப்பி அனுப்பினால் போதும். தொழிற்சாலைக்காரனுக்கு இப்போதைக்கு எந்தப் பதிலும் சொல்லாதே.

உருளை


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

கதவுகள் போய்விட்டன! கடைசிக் கதவை மாட்டும்போது தலைமை ஆசிரியர் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். சத்தமே இல்லை. அவர் போன பிறகு நானும் ஒருமுறை திறந்து மூடினேன். தொழிற்சாலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சின்னவள் இப்போது மெஷினைத் துடைப்பதில்லை, "மரத்தூள் வீட்டுக்குள்ள வருது" என்று பழையபடி சண்டை போடுகிறாள். அதைக் கேட்க எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா?

லேத்காரர் இரண்டு சக்கரம் வெட்டினார். ஒன்று என் மெஷினில் ஓடுகிறது. உங்களுடையதோடு இன்னொன்றையும் சேர்த்து இந்தப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். இனிமேல் உங்களுக்கு இரண்டு மாமியார், பார்த்து நடந்துகொள்ளுங்கள். அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

பெட்டிக்குள் அடியில் ஒரு பலகை இருக்கிறது. புதுச் சக்கரத்தில் முதல் முதலாக ஓடி வந்த தேக்குப் பலகை அது. மெஷினில் வந்த பிறகு என் கையால் ஒருமுறை இழைத்தேன். ஓரத்தில் சிறிது மேடு இருக்கிற மாதிரி எனக்குப் படுகிறது, சின்னவள் இல்லை என்கிறாள். நீங்கள் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
மோட்டார்


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாமியாரும் பலகையும் வந்து சேர்ந்தன. மெஷின் ஓடுகிறது. என் முதுகு உன்னை மன்னித்துவிட்டது.

பலகையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கையால் தடவிப் பார்த்தேன். பெரியவள் கேட்காமலே இழைப்புளியைக் கொண்டுவந்து நீட்டினாள், இத்தனை வருஷப் பழக்கம். இழைப்புளியைத் திருப்பி உள்ளேயே வைக்கச் சொன்னேன்.

பலகைக்கு நான்கு கால் மட்டும் வைத்து முக்காலியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மணை செய்து, அத்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்கார்ந்து பார்த்தார்கள், வறுகடலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். என்னோடு பேசினார்கள். "நல்லா வழவழன்னு இருக்கே, யாரு இழைச்சது?" என்று கேட்டார்கள்.

தம்பி இழைத்தது, நான் மேலே கை வைக்கவில்லை என்று சொன்னேன்.

வக்கீல் வீட்டில் மாடி கட்டுகிறார்கள். கதவுக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறார். நாம் சேர்ந்து போவோம். நான் நிலைக்கால் நிறுத்துகிறேன், இழைப்பு முழுக்க உன்னுடையது. மூலைமட்டத்தை உனக்கே எடுத்து வருகிறேன், அது உன் எண்ணெய்க்குப் பழகிவிட்டது.

அன்புடன்,
உருளை