கறுப்புத் திரையில் வலைக்கண்

அம்மா,

இன்றைக்கு முள்ளியவளையில் ஒரு மருந்துக்கடைக்குப் புதிய ரவுட்டர் பூட்டப் போயிருந்தேன். பெட்டியை மடிக்கணினியோடு இணைத்து, கறுப்புத் திரையில் முதற் கட்டளையை அடித்து, கடவுச்சொல்லையும் கொடுத்தேன். குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடு போட்ட அந்தக் குறி வரியின் முனையில் வந்து நின்றது. "வலைக்கண் வந்திட்டுது" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பாவம், அது நீங்கள் வைத்த பெயரென்று அவருக்கு எப்படித் தெரியும்?

வவுனியாவில் இருந்த வேலையை விட்டுவிட்டு, இனி நானே தனியாக இணைய வேலை எடுத்துச் செய்யப்போகிறேன் என்று சொன்ன அன்று நீங்கள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டீர்கள். நண்டுக் குழம்பைத் தேவைக்கு மேல் கிண்டிக்கொண்டு நின்றீர்கள். முதல் வேலை எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில்தான் கிடைத்தது. சங்கத்துக் கொட்டிலில் எடை போட்ட நண்டின் கணக்கைக் காலையில் இணையத்தில் பதிந்தால்தான் வாங்குகிற கம்பனி லொறியில் ஏற்றும். பதியாவிட்டால் லொறி அடுத்த ஊருக்குப் போய்விடும். சங்கத் தலைவர் அரை மனதோடுதான் வேலையைத் தந்தார். ஒரு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் கொழும்பு ஆட்களைக் கூப்பிடுவோம் என்றார். சொந்த ஊரிலேயே முதல் வேலை விழுந்துபோனால் பிறகு யார் என்னைத் தேடி வருவார்கள்? அந்தக் கொட்டிலிலேயே நண்டு தரம் பிரிக்கிற உங்களுக்கும் அது தெரியும்.

அந்த மாதம் முடிவதற்குள் ஒரு காலையில் இணைப்பு நின்றுபோனது. நான் அப்போது சாமான் வாங்க வவுனியாவுக்குப் போயிருந்தேன். இணைப்புத் தருகிற நிறுவனம் சங்கத்து ரவுட்டரின் இணைய முகவரி இலக்கத்தை மாற்றியிருந்தது. புதிய முகவரி என் கையில் இருந்தாலும், பழைய முகவரி வழியாகத்தான் நான் தூரத்திலிருந்து ரவுட்டருக்குள் போவது. அந்த வழி அடைபட்டுவிட்டது. யாராவது பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து கட்டளைகளை அடித்தால்தான் உண்டு. நான் பஸ் பிடித்து வந்து சேர லொறி போயே போய்விடும்.

சங்கத்துக் கிளாக்கருக்குப் போன் எடுத்தேன். கம்பியைச் செருகி, மடிக்கணினியில் கறுப்புத் திரையைத் திறக்கும்வரை நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். அதற்குப் பிறகு, "அக்கா, நான் தொடமாட்டன். பிழைச்சால் என்ர தலையிலதான் விடியும்" என்று கையை எடுத்துவிட்டான். கொஞ்ச நேரம் ஏதோ சலசலப்பு. பிறகு உங்கள் குரல் வந்தது.

"பிள்ளை, என்னத்தை அடிக்கோணும் எண்டு சொல்லு. நான் அடிக்கிறன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. படகுகளில் எழுதியிருக்கும் இலக்கங்களைப் பார்த்துப் பழகிய ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் தவிர உங்களுக்கு வேறொன்றும் தெரியாது. சின்ன எழுத்துகள் அறவே தெரியாது. ஆனால் விசைப்பலகையில் இருப்பதெல்லாம் பெரிய எழுத்துகள்தானே என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இத்தனை வருடம் அதில் தட்டிக்கொண்டிருந்த நான் அதைக் கவனித்ததே இல்லை.

திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். வரியின் கடைசியில் மடிச்ச நண்டுக்கால் கிடக்குது என்றீர்கள். வெளி வாசலில் நிற்கிறோம், பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது என்பதற்கான குறி அது. உள்ளே போகும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அடுத்தது கடவுச்சொல். அடிக்க அடிக்க ஒன்றும் விழவில்லை, இவங்கட எழுத்துக் கட்டை பழுது என்று சினந்தீர்கள். பழுதில்லை அம்மா, பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்காமல் பெட்டி மறைக்கிறது என்றேன். உடனே கிளாக்கரை வெளியே அனுப்பினீர்கள். போனின் ஒலிபெருக்கியில் அதே கடவுச்சொல்லைக் கொட்டில் முழுக்கக் கேட்க நான் கத்திக்கொண்டிருந்தது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

"நண்டுக்கால் போயிட்டுது. இப்ப வலைக்கண் நிக்குது."

உள்ளே வந்துவிட்டோம். புதிய முகவரியை இலக்கம் இலக்கமாகச் சொன்னேன். தினமும் தராசு பார்க்கிற உங்களுக்கு இலக்கம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வெளியே போகிற வழியைக் காட்டும் வரியை அடித்ததும், கீழே ஒரு சின்னக் கூரை விழுந்து கிடப்பதாகச் சொன்னீர்கள். பிழை எங்கே என்று பெட்டி சுட்டிக்காட்டும் குறி அது. எதற்குக் கீழே என்றேன். முதல் வட்டத்துக்குக் கீழே என்றீர்கள். நான் சைபர் என்ற இடமெல்லாம் நீங்கள் அதே வட்டமாக இருக்கிற ஆங்கில எழுத்தை அடித்திருந்தீர்கள். ஒரே மாதிரி இரண்டு வட்டம் எதற்கு வைத்தார்கள் என்று செய்தவனைத் திட்டிக்கொண்டே முழு வரியையும் திரும்ப அடித்தீர்கள். அந்த நேரம் பார்த்து லொறியின் ஹோர்ன் கேட்டது. என்ன சத்தம் அது என்று கத்தினேன்.

"லொறிதான், நிக்கட்டும். நீ பதறாமல் சொல்லு."

வெளியே ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும் கட்டளையைச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, ஒரு பொட்டு விழுந்திருக்கிறது என்றீர்கள். பிறகு தடி ஒன்று, அதன் கீழே பொட்டு. பிறகு அதேபோல இன்னும் மூன்று. முதல் தட்டுக்குப் பதில் தவறி வெறும் பொட்டு விழுவது வழமைதான். மற்ற நாலுக்கும் பதில் வந்திருந்தது. சங்கம் திரும்ப உலகத்தோடு சேர்ந்துவிட்டது. நான் போனைப் பிடித்தபடி அழுதேன்.

"அழுது முடிச்சிட்டு அடுத்ததைச் சொல்லு" என்றீர்கள். அடுத்தது, கரண்ட் போனாலும் அழியாமல் எல்லாவற்றையும் சேமிக்கும் கட்டளை. அதையும் அடித்துவிட்டு, கை கழுவாமல் வந்துவிட்டேன், விசையெல்லாம் நண்டு மணக்குது என்று வருத்தப்பட்டீர்கள். நண்டு லொறியில் ஏறியது.

இன்றைக்குத் தர்மபுரத்திலிருந்து முல்லைத்தீவுக் கரைவரை எனக்கு வேலை இருக்கிறது. போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லாமல் நான் வந்ததில்லை, அவ்வளவு பெருமை எனக்கு. நீங்கள் மட்டும் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. யாராவது கேட்டால் "அதுவோ" என்றுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவீர்கள். உங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை என்றே நினைத்திருந்தேன்.

உங்கள் செத்தவீட்டில் சங்கத் தலைவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு லொறி போன பிறகு உங்களிடம் பகிடியாக ஒன்று கேட்டாராம். இதை நீங்களே செய்துவிட்டீர்கள், இனி மகள் எதற்கு என்று. நீங்கள் நண்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னீர்களாம்.

"நான் எழுத்துத்தான் அடிச்சனான். இஞ்ச என்ன கிடக்குதெண்டு கண்ணால பாராமல் வவுனியாவில இருந்து சொன்னவள் அவள். அப்பிடி ஒராள் கொழும்பில இருந்தால் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அதற்குப் பிறகு கொழும்பு ஆட்களைப் பற்றித் தான் நினைக்கவே இல்லை என்றார் தலைவர்.

இப்போதும் சில இடங்களில், எதற்கும் கொழும்பிலும் ஒருதரம் கேட்டுப் பார்க்கட்டா என்று இழுப்பார்கள். முன்பென்றால் என் முகம் சுருங்கிவிடும். இப்போது, தாராளமாகக் கேளுங்கோ என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறேன், அம்மா.