நாலு சக்கரமும் கொதித்த மத்தியானம்

அண்ணே,

இன்று காலை கம்பம் மார்க்கெட் வாசலில் காய்ப் பையோடு நின்றிருந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு லாரி என் பக்கத்தில் வந்து நின்றது. பின்சக்கரத்தில் லேசாகப் புகை. கருகிய பிரேக் லைனிங்கின் வாடை மூக்கில் ஏறியதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டது. எடுக்க முடியவில்லை. பூ விற்கிற அம்மா, "என்னத்தா, கிறுகிறுன்னு வருதா?" என்று கையைப் பிடித்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். எங்கே அனுப்புவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு மூன்று வயதான அந்த வருடம் ஏலக்காய் எடுப்புக்காக நான் என் மகளோடு கேரளப் பக்கம் எஸ்டேட்டின் கூலிவீட்டு லயத்திலேயே தங்கியிருந்தேன். அவள் அப்பா திருப்பூரில். நீ தினமும் கோம்பையிலிருந்து வேலையாட்களை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பகலெல்லாம் தோட்டத்திலேயே இருந்து, சாயங்காலம் அவர்களைத் திருப்பிக் கூட்டிப்போவாய். அந்த வாரம் உனக்கு ஜீப்போடு ஒரே மல்லுக்கட்டு. பிரேக் பெடல் சரியில்லை என்று பட்டறையில், பிரேக்குக்கு ஆயில் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். மாற்றியதிலிருந்து வண்டி இழுவையாக இருந்தது. "பின்னாடி யாரோ கயிறு கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கு தங்கச்சி" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

பாப்பாவுக்கு முந்தின ராத்திரியே காய்ச்சல். விடிந்து வெகுநேரம் கழித்து, கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஏலச்செடிகளுக்கு நடுவே உன்னைத் தேடி ஓடி வந்தேன். அன்றைக்கென்று அந்தப் பக்கம் ஹர்த்தால்; நீ விடியுமுன்பே வந்துவிட்டிருந்தாய். பஸ் இல்லை, கடை இல்லை, வேறு வண்டி எதுவும் இல்லை. நீ ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியை எடுத்தாய்.

எல்லையிலிருக்கும் கம்பமெட்டுக்கு ஏறும்போதே வண்டி திணறியது. செக்போஸ்ட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் வாடை வந்தது. இரண்டாவது வளைவில் உன் கால் பெடலோடு தரை வரை போனதை நான் பார்த்தேன். படபடவென்று பெடலை மிதித்தாய், கியரைக் குறைத்தாய், ஹேண்ட்பிரேக்கை இழுத்தாய், வண்டியை மலைப்பக்க ஓடைக்குள் இறக்கிப் பாறையில் உரசி நிறுத்தினாய். எதிர்ப்பக்கம் பள்ளம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கம்பம் ஊரே கண்ணுக்குத் தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ இறங்கி ஒவ்வொரு சக்கரமாகக் கையை வைத்துப் பார்த்தாய். நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"மெதுவாப் போயிருவோம்ண்ணே. கீழ தெரியுது பாரு."

"இப்பப் போனா மூணு பேருமே போயிருவோம். ஒரு சக்கரம் சுட்டா அந்தச் சக்கரத்துல கோளாறு. நாலும் கொதிக்குது. அப்ப நாலுக்கும் பொதுவான எடத்துல என்னமோ இருக்கு."

எல்லாச் சக்கரத்துக்கும் கல் கொடுத்தாய். ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தாய். அசையவில்லை. அடியில் படுத்து, ஆயிலை வெளியே விடுகிற பிளீடர் நிப்பிளைத் திருகினாய். ஆயில் நுரை நுரையாகச் சீறியது. அதே நிமிடம் சக்கரம் லேசாகச் சுற்றியது.

"ஆயில் திரும்பிப் போகாம உள்ளயே அடைஞ்சு கெடக்கு" என்றாய்.

எனக்குப் புரியவில்லை. "பிடிச்சுக்கிட்டும் இருக்கு, மிதிச்சா பிடிக்கவும் மாட்டேங்குது. ரெண்டும் எப்படிண்ணே?"

"விடாம உரசிச் சூடாயிருச்சு. சூட்டுல ஆயில் கொதிச்சு ஆவியாயிருச்சு. ஆவிய மிதிச்சா பஞ்ச மிதிச்ச மாதிரிதான். நீ அந்தப் பெடல விரலால மெல்லத் தள்ளு. கொஞ்சமாச்சும் சும்மா ஆடுதா, இல்ல தொட்டதுமே தட்டுதா?"

தள்ளினேன். தொட்டதுமே தட்டியது.

"அதான். பட்டறைக்காரன் பெடல் ராடை நீளமா வச்சு முடுக்கி விட்ருக்கான். கால எடுத்தாலும் சிலிண்டர் முழுசாத் திரும்பல."

கோளாறு தெரிந்துவிட்டது. சரி, இனிப் போகலாம் என்று நினைத்தேன். நீ ராடைக் குறைத்து நட்டை இறுக்கிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாய். ஆற வேண்டும் என்றாய். வண்டியில் குடத்துத் தண்ணீர் இருக்கிறதே, சக்கரத்தில் ஊற்று என்றேன். ஊற்றினால் சக்கரத்து பிரேக் டிரம் வெடித்துவிடும், தண்ணீர் பிள்ளைக்கு வேண்டும் என்றாய்.

அந்தக் காத்திருப்பை நான் எப்படி எழுத, அண்ணே? பாப்பா மறுபடி இழுத்தாள். வாயோரம் நுரை. முந்தானையை நனைத்து அவள் நெஞ்சையும் நெற்றியையும் துடைத்துக்கொண்டே இருந்தேன். துணி நனைந்த மறுகணமே சூடாகியது. தூக்கிக்கொண்டு நடந்தே இறங்கிவிடலாம் என்று நான் ரோட்டில் இறங்கியபோது நீ குறுக்கே வந்து நின்றாய். "நடந்தா சாயங்காலம் ஆயிரும்த்தா. இங்கன உக்காரு. என்னை நம்பு" என்றாய். உன்னை நம்பியதால் உட்காரவில்லை. வேறு வழி இல்லாததால் உட்கார்ந்தேன். நீ சக்கரத்துக்கும் எனக்குமாக நடந்துகொண்டிருந்தாய். ஒவ்வொரு முறையும் டிரம்மைத் தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பினாய்.

கடைசியில் என்னை டிரைவர் சீட்டில் ஏற்றினாய். பாப்பா மடியில், என் கால் பெடலில். சீட்டுக்கடியில் வைத்திருந்த பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டு ஜீப்புக்கு அடியில் போனாய்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"பிடிச்சுக்க. விட்றாத. இப்ப விடு."

நாலு சக்கரத்துக்கும் அப்படியே. காற்றும் ஆயிலும் பிதுங்கிப் போகப் போக, என் காலுக்கடியில் பஞ்சு மாதிரி இருந்தது கட்டையாகி வந்தது. பிள்ளை அனத்துவதை நிறுத்திவிட்டிருந்தாள். அவள் மூச்சு விடுகிறாளா என்று குனிந்து பார்க்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை.

முதல் கியரிலேயே இறங்கினாய். ஒவ்வொரு வளைவிலும் மிதித்த இடத்தில் பெடல் கட்டையாக நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் அவளை என் கையிலிருந்து ஒரு நர்ஸ் பறித்துக்கொண்டு ஓடினாள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில்தான் டாக்டர் வெளியே வந்து, "பிள்ளை பொழைச்சுக்கிட்டா" என்றார்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான். அனுமந்தன்பட்டி வீட்டிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் உன்னைக் குளிப்பாட்டியிருந்தார்கள். உன்னை ஏற்றிக்கொண்டு இறங்க எனக்கு ஒரு மலைகூடக் கிடைக்கவில்லை. என்ன கோளாறு என்று கேட்கவும் நேரமில்லை. சில நாள் மத்தியானத்தில் அடுப்படியில் நின்று, யாரிடமாவது, எதையாவது செய்யச் சொல்லிக் கெஞ்ச வேண்டும் போலிருக்கிறது. யாரும் இல்லை.

பாப்பா எட்டாவது படிக்கிறாள். உன்னைப் போலவே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசிக்கிறாள். மதினி அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாளைக் கேட்பாள். "அவுக அன்னைக்குப் பயப்படவே இல்லையா?" என்பாள்.

டாக்டர் சொன்னதும் நீ ஆஸ்பத்திரித் தூணுக்குப் பின்னால் போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். தோள் குலுங்கக் குலுங்க அழுதாய். நான் தொட்டதும், கொப்புளம் கட்டிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க மதினிகிட்டச் சொல்லிராத" என்றாய்.

"அண்ணன் கல்லு மாதிரி நின்னுச்சு மதினி" என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

உன் தங்கச்சி