திங்கட்கிழமைக் கோட்டு

மார்ச் 3, திங்கள்

ஆய்வகத்தில் பிளாங்க் மறுபடியும் சொதப்பிவிட்டது. மாதிரி எதுவும் போடாமல், வெறும் நீரும் அமிலமும் மட்டும் ஊற்றி முதலில் மெஷினில் ஓட்டுகிற குழாய் அது. அதில் பாதரசம் காட்டக்கூடாது. காட்டினால் பின்னால் வருகிற ஒரு எண்ணையும் நம்ப முடியாது. இன்று நாள் முழுக்க நான் ஓட்டிய முகக்கிரீம், இருமல் மருந்து, டின் மீன் எல்லாம் குப்பைக்குப் போயின.

எங்கள் மேலாளருக்குப் பூஜ்யம் சார் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். பிளாங்கில் பூஜ்யம் வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "உன் கை பட்டாலே பாதரசம் வருதே, நீ என்ன தெர்மாமீட்டராப்பா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதியம் ஒருத்தரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மறுபடி. நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு.

வீட்டுக்கு வந்தால் மூடி வைத்த தட்டு. அக்கா துணிக்கடை வேலையிலிருந்து திரும்புவதற்குள் நான் படுத்துவிடுவேன். அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம் என்பதற்கு இந்தத் தட்டுதான் சாட்சி.

மார்ச் 7, வெள்ளி

பிளாங்க் ஏறக்குறைய சுத்தம். என்ன மாற்றினேன்? ஒன்றும் மாற்றவில்லை. அதே அமிலம், அதே கையுறைப் பெட்டி, அதே நான்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா என் வெள்ளைக் கோட்டுக்கு மூன்றாவது பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள். வெள்ளை நூல் இல்லை, நீல நூல். ஊசியில் நூலைக் கோக்கவே திணறினாள். விரல் ஆடியது.

"என்ன, குளிருதா?"

"ராத்திரி தூக்கமே இல்லடா."

"ஃபோன நோண்டிக்கிட்டே இருந்தா எங்க வரும்?"

இந்த வாரம் நாங்கள் பேசியது இவ்வளவுதான். பிறகு கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கதவுக் கொக்கியில் மாட்டினாள். கேட்காமலே செய்வாள். நான் நன்றி சொன்னதில்லை.

மார்ச் 10, திங்கள்

எகிறிவிட்டது. இதுவரை இவ்வளவு வந்ததே இல்லை.

பூஜ்யம் சார் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். அறையைத் துடைக்கிற பினாயிலம்மா. எப்போதோ உடைந்த தெர்மாமீட்டரைத் துடைத்த துணியால் மேசையையும் துடைத்திருப்பாராம். பார்த்த ஆள் யாரும் இல்லை. படித்தவர்கள் நிறைந்த அறையில் ஏதாவது அசுத்தமானால் துடைப்பம் பிடித்த கையைத்தான் முதலில் பார்ப்பார்கள். நாளையிலிருந்து அவர் வர வேண்டாம்.

கிளம்பும்போது அந்தம்மா வாசலில் என்னை நிறுத்தினார். "தம்பி, நான் எதைக் கொட்டினேன்னு மட்டும் சொல்லுங்க. வேற எடத்துக்கு வேலைக்குப் போனா அங்கயாவது கொட்டாம இருக்கணும்ல."

பாவமாக இருந்தது என்று எழுத வந்தேன். இல்லை, பொய். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. என் கை தப்பித்தது என்று. சீ.

மார்ச் 11, செவ்வாய்

பினாயிலம்மா இல்லை. பாதரசம் இருக்கிறது. "பழைய மிச்சமா இருக்கும்ப்பா" என்கிறார் சார்.

மார்ச் 13, வியாழன்

பழைய பிளாங்க் எண்களையெல்லாம் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். இதை எப்போதோ செய்திருக்க வேண்டும். திங்களன்று உச்சம். அப்புறம் ஒவ்வொரு நாளும் இறங்கி, வெள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. காய்ச்சலில் நான் படுத்துக்கிடந்த வாரம் மட்டும் ஒன்றுமே இல்லை.

திங்களன்று மட்டும் நான் புதிதாக உள்ளே கொண்டுபோவது என்ன?

துவைத்த கோட்டு.

மார்ச் 15, சனி

அரை நாள் வேலை. எல்லாரும் கிளம்பிய பிறகு ஓட்டினேன். திருட்டுத்தனம்தான்.

கோட்டின் கைவிளிம்பில் ஒரு துண்டு, வீட்டுச் சோப்புத்தூள், அக்காவின் டவல் முனை. குளியலறை அலமாரியில் பின்வரிசையில் இருந்த சின்ன வெள்ளை டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை. அந்த டப்பாவில் பெயர் இல்லை, ஒட்டுத்தாள் இல்லை, ஒன்றும் இல்லை.

சோப்பு சுத்தம். கோட்டில் இருக்கிறது. டவலில் அதைவிட அதிகம். டப்பாவில் எடுத்ததை நீர்க்கவைத்து, திரும்ப நீர்க்கவைத்து, திரும்பவும் நீர்க்கவைத்த பிறகும் மெஷினின் கோடு உச்சியில் போய் முட்டி நின்றது.

பாதரசம் கலந்து செய்கிற, முகம் வெளுக்கிற கிரீம். டவல், தலையணை உறை, என் கோட்டு எல்லாவற்றையும் அவள் ஒரே வாளியில்தான் ஊறப்போடுகிறாள்.

எங்களிடம் கிரீம் அனுப்புகிற கம்பெனிகள், தேறும் என்று தெரிந்ததைத்தான் அனுப்புகின்றன. நாங்கள் முத்திரை குத்துகிறோம். இப்படிப் பெயரில்லாத டப்பாவை நிரப்பி விற்கிற ஏதோ ஒரு பார்லர்காரிக்கு முத்திரை எதற்கு? வாங்குகிறவர்களின் வெட்கமே போதும். யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

கேட்டுவிட்டேன். கேட்ட விதம் சரியில்லை. டப்பாவை மேசையில் டொக்கென்று வைத்தேன்.

"இதுல பாதரசம். விரல் ஆடுறது இதால. தூக்கம் வராததும் இதாலதான். கிட்னி போயிடும்க்கா."

"நின்னு நின்னு காலுந்தான் போச்சு. அதுக்கு மெஷின் இருக்கா?"

"வெளையாடாத. உன் டவல்ல இருக்கு, என் கோட்டுல இருக்கு..."

"ஓ. கோட்டு." அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எட்டு மாசமா என் மூஞ்சி மாறுது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டா, பஸ் கண்டக்டர் கேட்டான். நீ கேக்கல. உன் கோட்டுல பட்டதும் ஓடி வர்ற."

பிறகு சொன்னாள். போன வருஷம் அவளைக் கவுண்டரிலிருந்து எடுத்து குடோனில் போட்டார்களாம். "லைட்டுக்குக் கீழ நிக்கிற மூஞ்சி இல்லம்மா உனக்கு" என்றானாம் சூப்பர்வைசர். கிரீம் பூச ஆரம்பித்த பிறகு கூப்பிட்டுத் திரும்பவும் கவுண்டரில் நிறுத்தினானாம்.

அவள் குடோனில் இருந்ததே எனக்குத் தெரியாது. ஒரே வீடு.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்க்க வெட்கமாக இருந்தது. கன்னம் காகிதம்போல வெளுத்திருந்தது, காதோரம் அவள் பழைய நிறம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். கோட்டைத் தனியாகத் துவைத்துக்கொண்டால் பிளாங்க் அடங்கிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. பினாயிலம்மா மட்டும் எதையோ கொட்டினவராகவே இருப்பார். இதை எழுதும்போதும் கை நிற்கிறது. அக்காவா, அந்தம்மாவா? இரண்டு பேரையும் இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது யார்? அந்தச் சூப்பர்வைசர் அவன் பாட்டுக்கு லைட்டுக்குக் கீழே ஆள் பொறுக்கிக்கொண்டிருக்கிறான்.

"வீட்டு விஷயம், விடேன்ப்பா. அந்தம்மா வேற எடம் பாத்திருப்பாங்க" என்றார் பூஜ்யம் சார். விடவில்லை. என் கோட்டால் வந்தது என்று எழுதிக்கொடுத்தேன். எப்படி வந்தது என்று கேட்டார்கள். சொன்னேன்.

"வீட்ல யாருப்பா அந்த அழகு ராணி?" என்றான் ஒருத்தன். யாரும் அவன் வாயை மூடவில்லை. நானும்தான்.

நாளை பினாயிலம்மா வருகிறார். இனி எல்லார் கோட்டும் சலவைக்கடைக்கு.

சாயங்காலம் அக்காவிடம் நானே சொன்னேன்.

"என் பேரச் சொன்னியா?"

"பேர் சொல்லல. அக்கான்னுதான் சொன்னேன்."

"உனக்கு எத்தன அக்காடா?"

மார்ச் 19, புதன்

அக்கா போய்விட்டாள். கடைக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதி. டப்பாவை எடுத்துக்கொண்டு போகவில்லை. தேடிப் பார்த்தேன், குப்பைக்கூடையில் கிடந்தது. அவளே போட்டிருக்கிறாள்.

மூடி வைத்த தட்டு இல்லை.

மார்ச் 24, திங்கள்

பிளாங்க் பூஜ்யம். சார் கைதட்டினார். பினாயிலம்மா என் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "அக்கா எப்படி இருக்காங்க தம்பி?" என்றார். இந்தக் கட்டடத்தில் அதைக் கேட்டது அவர் ஒருத்தர்தான்.

சலவைக்கடைக் கோட்டு அட்டைபோல விறைத்திருக்கிறது. நீல நூல் பொத்தான் விழவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

அக்காவை ஃபோனில் மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் அக்காவிடமிருந்து ஒரு படம். ஆஸ்பத்திரியில் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனை முடிவு. பாதரசம் என்ற வரிக்குப் பக்கத்தில் அவள் விரல் நுனி.

கீழே ஒரு வரி: "இது அதிகமா?"

வாழ்க்கையில் எத்தனை எண்களைப் பார்த்திருக்கிறேன். இதைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"அதிகந்தான். பூசாம இருந்தா எறங்கும். டாக்டர்கிட்ட நானும் வரட்டுமா?"

மதியத்துக்குப் பிறகு:

"திரும்பவும் குடோன்தான். ஃபேன் கூட இல்ல."

என்ன எழுதுவது என்று நான் யோசிப்பதற்குள் இன்னொன்று வந்தது:

"அந்த வாளிய தூக்கிப் போட்டியா?"

போடவில்லை. அவளுடையது என்று அப்படியே வைத்திருந்தேன். உடனே கவரில் கட்டி, ஆய்வகத்தில் நச்சுக் கழிவு போடுகிற பெட்டிக்கு எடுத்துப்போனேன்; ஞாயிறானாலும் காவலாளி திறந்துவிட்டார். "போட்டாச்சு" என்று எழுதினேன். திரும்பும் வழியில் பாத்திரக்கடை திறந்திருந்தது, நுழைந்து வாளி கேட்டேன்.

"வாளி ஒண்ணா, ரெண்டா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு."