பானெட்டின் மேல் அம்மாவின் இரண்டு கைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும், நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்கும் தெரியும், அதனால் அந்தப் பொய் நமக்குள் வேண்டாம். இங்கே முட்டி வலி இருக்கிறது, மாத்திரை போட்டால் கேட்கிறது. கடையைத் திறக்கிறேன், கண்ணாடி வெட்டுகிறேன், மூடுகிறேன். உன் சித்தி வாரத்துக்கு இரண்டு தடவை வந்து சமையலறையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள், அப்புறம் ஒரு கரண்டியைத் தேடி எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பின்பக்கக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. இதெல்லாம் எழுத நான் உட்காரவில்லை, சுற்றி வளைக்கிறேன், உனக்கே புரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கூப்பிட்டார். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய், அம்மாவிடம் கடைசியாகப் பேசிய பேச்சையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிறாய் என்றார். மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா என்றார். போனில் என்னால் முடியாது பாப்பா. நீ அப்பா என்று தொடங்கினாலே, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். காகிதம் என்றால் அது திரும்ப அழாது. அதனால் எழுதுகிறேன், முழுதாகப் படி, பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

நம் பழைய பிக்கப் வண்டிக்கு உயரமான ஏர் ஃபில்டர் ஒன்று மாட்டினேன், நினைவிருக்கும், பக்கத்துப் பட்டறை வெல்டர் நெட்டையன் கொடுத்தது. மாட்டிய பிறகுதான் தெரிந்தது, இன்ஜினை மூடுகிற பானெட் இரண்டு விரல் அகலத்துக்கு மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே பத்து நாள் ஓட்டினேன். உன் அம்மா சும்மா இருப்பாளா, வாயைத் திறந்துகிட்டே ஊரைச் சுத்துது, ஓனர் மாதிரியே என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அப்போதுதான் நெட்டையன், பானெட்டில் ஓட்டை போட்டு ஸ்கூப் வைத்துவிடு என்றான். மேடு மாதிரி எழும்பி, முன்னால் வாய் திறந்து, உள்ளே காற்று போகிற மாதிரி ஒரு தகரக் கூடு, அவ்வளவுதான். ஃபில்டருக்கும் இடம் கிடைக்கும், இன்ஜினுக்குக் காற்றும் கிடைக்கும்.

மூன்று வகை பார்த்தோம். ஒன்று சும்மா அழகுக்கு ஒட்டுவது, வாய் அடைத்திருக்கும், மூக்கு இருக்கு, மூச்சு விட ஓட்டை இல்லையா என்று அம்மா அதை ஒதுக்கிவிட்டாள். எனக்கு ஆசை இரட்டை வாய் வைத்த உயரமான ஸ்கூப் மேல். அவளோ குள்ளம், வண்டியைப் பாதி நாள் ஓட்டுகிறவளும் அவள்தான். அட்டையில் அதே உயரத்துக்கு ஒரு கூடு செய்து பானெட் மேல் வைத்து அவளைச் சீட்டில் உட்கார வைத்தேன், நான் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் தள்ளித் தள்ளி வைத்துத் தெரியுதா, இப்பத் தெரியுதா என்று தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். வாளி மட்டுமில்ல, நீங்களே தெரியல, அப்படியே போயிடுங்க என்று கத்தினாள். தெருவே சிரித்தது. கடைசியில் நாலு விரல் உயரத்தில் ஒற்றை வாய் வைத்த இரும்பு ஸ்கூப், அவள் சொன்னதுதான், வாங்கினோம்.

இனிமேல்தான் நான் உன்னிடம் மறைத்தது. மாட்டியது ஒரு சனிக்கிழமை. நீ அம்மாவிடம் கடைசியாகப் பேசினாயே, அதே சனிக்கிழமை. காலையில் நூல் பிடித்து நடுக்கோடு போட்டு, பானெட்டை வெட்டி, விளிம்பை அரம் போட்டுத் தேய்த்து, துரு பிடிக்காமல் இருக்கச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் காய வைத்தேன். மதியம் பொருத்த ஆரம்பித்தோம். ஸ்கூப்பின் அடியில் ஆறு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும், அது பானெட்டின் ஆறு துளையில் இறங்க வேண்டும். நடுவில் தண்ணீர் இறங்காமல் ரப்பர் பட்டை, அது தடிப்பாக இருந்ததால் மேலே ஒருவர் அழுத்திப் பிடித்தால்தான் கீழே நட் பிடிக்கும். பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டு நான் அடியில் குனிந்தேன். அம்மா ஸ்டூல் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கி அழுத்திக்கொண்டாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, நடுவில் தகரம்.

நம் தொழில் வழக்கம் உனக்குத் தெரியும். கண்ணாடியைப் பிடித்தவர் நான் விடு என்று சொல்கிற வரைக்கும் அசையக்கூடாது, பேசக்கூடாது. இருபத்தாறு வருஷம் எனக்குக் கண்ணாடி பிடித்தவள், ஒரு தடவைகூட முந்திக் கையை எடுத்ததில்லை. அன்றைக்கு இரண்டாவது நட் போடும்போது மேலேயிருந்து குரல் வந்தது. இடது கை மரத்துப் போகுதுங்க, நெஞ்சுல என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு என்றாள். தெளிவாகக் கேட்டது பாப்பா. கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா, அசையாதே, ஒரு நூல் அளவு விலகிப் போச்சு என்றேன். எரிச்சலோடு சொன்னேன். அவள் மறுபடி அழுத்திப் பிடித்தாள்.

அப்போது கையிலிருந்த நட் நழுவி இன்ஜினுக்குள் எங்கேயோ போய்விட்டது. வேறு நட் வாங்க நெட்டையன் பட்டறைக்குப் போனேன். அவன் ஏதோ கேட்டான், நான் ஏதோ சொன்னேன், பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் நெற்றியைப் பானெட் மேல் சாய்த்து, இரண்டு கையும் ஸ்கூப் மேலேயே வைத்தபடி நின்றுகொண்டிருக்கிறாள். தூங்கிட்டியா என்று கேலி செய்தேன். நீங்கதான் விடுன்னு சொல்லலையே என்றாள். நான் சிரித்தேன். அட பாவி, சிரித்தேன். அந்த இரண்டாவது நட்டையும் போட்டு, இனி ஸ்கூப் தானாக நிற்கும் என்று ஆன பிறகுதான் விடு என்றேன். இறங்கி உட்கார்ந்தாள், உடம்பெல்லாம் வியர்வை. வெயில் என்று நினைத்தேன். வாயுவா இருக்கும், மககிட்ட சொல்லிடாதீங்க, பயந்துக்குவா என்றாள். வெந்நீர் குடி என்று சொல்லிவிட்டு மிச்சம் நாலு நட்டை முடுக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். லீவு கிடைக்கவில்லை என்றாய், அவள் வா வா என்றாள், நீ எப்பப் பாரு இதே பேச்சா, போனை வை என்று கத்தினாய். இதற்குத்தானே நீ உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய். அவள் போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன், கேள். பாவம், குரலே தேஞ்சு போயிருக்கு, அங்க சோறு ஆக்கிப் போட யாரு இருக்கா என்றாள். அவ்வளவுதான். உன் மேல் அவளுக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. விடிந்து பல் துலக்கப் போனவள் வாசற்படியிலேயே விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், வலி எப்போது வந்தது என்று கேட்டார். நேற்று மதியம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே என்றார். அந்தத் தாழ்வாரத்திலிருந்துதான் உன்னைக் கூப்பிட்டு, ஒண்ணுமே சொல்லல பாப்பா, திடீர்னு போயிட்டா என்றேன்.

நீ வந்து இறங்கி, நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நாலு மாதமாக என் பாரத்தை நீ சுமக்கிறாய், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேண்டாம், இறக்கி வை. நீ கத்துவதற்கு நாலு மணி நேரம் முன்னாலேயே அவளுக்கு வலி வந்துவிட்டது. அவள் சொல்ல வேண்டியவனிடம் சொன்னாள். அவன்தான் கேட்கவில்லை.

என் மேல் கோபம் வரும், வரட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, அதை நான் தாங்கிக்கொள்வேன், நீ பட்டினி கிடப்பதைத் தாங்க மாட்டேன். இன்றைக்கு ஒரு வாய் சாப்பிடு. சாப்பிட்டாள் என்று மாப்பிள்ளையை மட்டும் எனக்குச் சொல்லச் சொல், வேறு ஒன்றும் வேண்டாம். உங்கள் இருவரில் யாருக்காவது எங்கேயாவது வலிக்கிறது என்றால் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போங்கள். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், இது உன் அம்மாவின் ஆசீர்வாதம், என் பெயரில் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

இப்படிக்கு,
அவளை அங்கேயே நிற்க வைத்துவிட்டுப் போன
உன் அப்பா