நாக்கில் வைத்த துளி

இன்று காலை ஆறு மாதக் குழந்தையொன்று நெபுலைசர் முகமூடியைத் தட்டிவிட, அதன் ஈரம் என் உதட்டில் தெறித்தது. உப்புக் கரித்தது. உங்கள் நினைவு வந்தது, சிஸ்டர்.

நீங்கள் இறந்த முப்பத்தோராம் நாள் நினைவுக்கு நான் உங்கள் ஊரான நாவற்குடாவுக்கு வரவில்லை. பழைய கோபம். நான் எதையும் இலேசில் மறக்கிறவன் அல்ல, உங்களுக்கும் தெரியும்.

அந்த மாரியில் வார்ட் முழுக்க மூச்சுச் சிறுகுழல் அழற்சி வந்த கைக்குழந்தைகள். சாதாரண சேலைனைவிட உப்புக் கூடிய சேலைன் சளியை இளக்கி, அவர்களை விரைவில் வீட்டுக்கு அனுப்பும் என்று நம்பினேன். அதைக் காட்டிவிட்டால், இரண்டு தரம் என்னைத் தாண்டிப்போன பதவியும் கிடைக்கும். இரண்டு சேலைனையும் நீங்கள்தான் போத்தல்களில் நிறைத்துச் சிவப்பு நாடாவும் நீல நாடாவும் ஒட்டினீர்கள். எது எதுவென்று உங்களுக்கு மட்டுமே தெரியும். எந்தப் போத்தலில் எது என்று அறியாமல், மூச்சை எண்ணி, குழந்தை தேறியதற்குப் புள்ளி போடுவது என் வேலை.

ஒரு மதியம் பொறுமை கெட்டு, சிவப்புப் போத்தலில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். கடல் கலக்கும் வாவிக்கரையில் வளர்ந்தவனுக்கு உப்புத் தெரியாதா? சிவப்புத்தான் உப்புக் கூடியது. பிறகு சிவப்பு நாடாக் குழந்தை ஒன்றுக்கு நல்ல புள்ளி எழுதினேன். நீங்கள் பின்னால் நின்றிருக்கிறீர்கள்.

“என்ன டொக்டர், உப்புப் பார்க்கிறீங்க? நான் என்ன கறியா ஆக்கி வெச்சிருக்கன்?”

சிரித்துச் சமாளித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அந்தக் குழந்தையின் நெஞ்சருகே குனிந்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினீர்கள். மூச்சின் எண்ணிக்கை இறங்கவேயில்லை.

“நாக்குக்குத் தெரிஞ்சா கண்ணும் அதைத்தான் பார்க்கும். இனி வேற ஆள் எண்ணட்டும்.”

கெஞ்சினேன். இடமாற்றம் வரும் என்று மிரட்டியும் பார்த்தேன். நடந்ததை நடந்தபடியே பதிவேட்டில் எழுதினீர்கள். நான் போட்ட புள்ளிகளை ஒதுக்கிவைத்து, வேறொரு டொக்டரோடு முதலிலிருந்து தொடங்கினார்கள். எங்கள் வார்டில் இரண்டு சேலைனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பதவி இன்னொருவனுக்குப் போனது. நீங்கள் ஓய்வு பெறும்வரை வேலைக்கு வேண்டியதைத் தவிர உங்களோடு ஒரு சொல் பேசவில்லை. அந்தக் குழந்தையின் மூச்சு இறங்கவில்லை என்பதையும் என் வாயால் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

காலையில் முகமூடியைத் தட்டிய குழந்தைக்குச் சுகம்போலப் பட்டது. சீட்டில் எழுதப்போனவன் பேனையை மூடிவிட்டு, அப்போதுதான் வேலைக்கு வந்த தாதி மிஸியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவர் எண்ணி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் எழுத இருந்ததைவிட அவர் சொன்ன எண் கூடுதல். அதையே எழுதினேன்.