பேசாத நேரத்தில் வந்த வரி

சாய்ந்தமருது
3 பெப்ரவரி 2025

அன்புள்ள றம்ஸியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ என்னைப் பிரிந்து லெஸ்டருக்குப் போன பிறகு, பெருநாள் வாழ்த்தைத் தவிர வேறெதுவும் நான் எழுதியதில்லை. இதையும் வைத்தியனாகத்தான் எழுதுகிறேன். வலது கை நடுங்குகிறது. போன கிழமை பாமசி ஷிப்லி நான் எழுதிய மருந்துத் துண்டோடு வந்து, "டொக்டர், இது ஒண்டா ஏழா? வெளங்குதில்ல" என்றான். சின்னப் பிள்ளைக்கு எழுதிய மருந்து.

சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் மென்பொருளை உங்கள் ஆஸ்பத்திரியில் பாவிக்கிறீர்களாமே. எதை வாங்கலாம்?

சாலிஹ்

லெஸ்டர்
9 பெப்ரவரி

டொக்டர் சாலிஹ் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். முதலில் கையை நரம்பு வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரண்டு மென்பொருள்களின் விபரம் அனுப்பியிருக்கிறேன். பரீட்சித்துப் பார்க்கலாம். முதலாவது வேகமானது, நம்மவர்களின் ஆங்கிலத்தை நன்றாகப் பிடிக்கும். மற்றது மெதுவானது, விளங்காத இடத்தை வெறுமையாக விட்டுவிடும். எதுவானாலும் வாசித்துப் பார்த்தே கையொப்பமிடுங்கள்.

றம்ஸியா

சாய்ந்தமருது
24 பெப்ரவரி

அன்புள்ள றம்ஸியாவுக்கு,

முதலாவதைப் போட்டேன். வரிப்பத்தான்சேனை விவசாயி ஒருவரின் நெஞ்சுவலியைப் பிழையில்லாமல் எழுதியது. அவர் போன பிறகு மைக்கை நிறுத்த மறந்து, கடல் பக்க ஜன்னலைப் பார்த்தபடி இருந்துவிட்டேன். யாரும் கதைக்கவில்லை. திரும்பினால், அவருடைய குறிப்பின் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. பெண்பிள்ளை கிடைத்துவிட்டாள், நிலைமை சீர் என்று.

சுனாமியில் போன நம் மகள் அம்ஹாவின் உடல்கூட நமக்குக் கிடைக்கவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்? இப்போது இன்னொரு வரி வருமா என்று மைக்கைத் திறந்துவைத்துப் பேசாமல் இருக்கிறேன். வெளியே ஒரு தாய், "ஆருமில்லாம உள்ளுக்கு என்ன செய்றாரு டொக்டர்?" என்று கேட்டது காதில் விழுந்தது.

சாலிஹ்

லெஸ்டர்
26 பெப்ரவரி

சாலிஹ்,

அது யாருடைய குரலும் இல்லை. சத்தமில்லாத இடத்தை, தான் படித்த வரிகளில் ஏதோ ஒன்றால் நிரப்பிவிடுவது அந்த வகை மென்பொருளின் குறை. இங்கே யாரும் சொல்லாத மருந்து ஒன்று குறிப்பில் வந்திருந்தது. இரண்டாவதை வாங்குங்கள்.

அன்று அவளுக்காக, உடல் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸாவைத் தொழுவிக்க நான் கேட்டபோது, "என்ட புள்ள மௌத்தாகல்ல" என்று பள்ளியிலிருந்து எழும்பிப் போனீர்கள். உடல் இல்லாதவளுக்கு அந்தத் தொழுகை ஒன்றுதான் இருந்தது. பிறகு நம் வீட்டில் அவளுக்காக அழவும் எனக்கு இடமில்லை. அதனால்தான் போனேன்.

றம்ஸியா

சாய்ந்தமருது
15 மார்ச்

அன்புள்ள றம்ஸியாவுக்கு,

பெரியநீலாவணையிலிருந்து பூபாலசிங்கம் தன் மகளைக் கொண்டுவந்தார். நான் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒவ்வாமை எதுவுமில்லை என்று அந்த முதலாவது மென்பொருள் தானாகவே எழுதிவிட்டது. நான் இன்னும் கேட்கவே இல்லை. கேட்டபோது அவர் சொன்னார்: "பெனிசிலின் போட்டா மூச்சு முட்டும் டொக்டர்." அந்தக் குறிப்பை வெட்டிவிட்டு என் கையாலேயே எழுதினேன்.

இரண்டாவதை வாங்கிவிட்டேன். நான் பேசாவிட்டால் அதுவும் பேசாமல் இருக்கிறது.

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு இமாமிடம் சொன்னேன். அம்ஹாவின் பெயரைச் சொல்லித் தொழுவித்தார். நோன்போடு ஊரே நின்றது. முன் வரிசையில் நானும் நின்றேன்.

சாலிஹ்

லெஸ்டர்
18 மார்ச்

அம்ஹாட வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் ஏற்றுக்கொள்வான். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வார்டுக்குப் போக முடியவில்லை. காருக்குள்ளேயே இருந்தேன்.

ஒன்று கேட்கிறேன், ஏன் என்று கேட்க வேண்டாம். அந்த முதலாவது மென்பொருளை அழித்துவிட்டீர்களா? இல்லையென்றால், பெண்பிள்ளை கிடைத்துவிட்டாள் என்ற அந்த வரியை எனக்கு அனுப்புங்கள். உங்கள் தமிழில் வேண்டாம். அது எழுதியபடியே.

றம்ஸியா