என் பக்கத்து பிரேக்

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா வீட்டில் இன்று சாப்பாட்டு மேசை முழுக்க அத்தான் வரைபடத்தை விரித்துப் போட்டிருந்தார். சாப்பிட வந்த நான் தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஜூலையில் மலைக்குப் போகிறாராம். தார் ரோடு இல்லை, அதெல்லாம் பஸ்ஸில் போகிறவர்களுக்காம். இவர் போகப்போவது பனி உருகிய பிறகு ஆறேழு வாரம் மட்டும் திறந்திருக்கும் கல்பாதை. இரண்டு கணவாய், மூன்று ஓடை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

இந்த மனிதர் ஜீப் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. இதுவரை அது ஏறிய பெரிய உயரம், கடைவளாகத்தில் மூன்றாம் மாடி பார்க்கிங். வாரம் ஒரு தடவை துடைத்து, உறை போட்டு மூடி, அதை ஒரு முறை சுற்றி வந்து பெருமூச்சு விடுவார்.

நான் இரண்டாவது டிரைவராம். அக்காவுக்குச் சாப்பாடும் வரைபடமும். அவளுக்கு வண்டி ஓட்ட வராது. இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இடது கை எது, வலது கை எது என்று யோசிக்கிறவர்களையெல்லாம் லைசன்ஸ் வாங்க வைத்திருக்கிறேன். சொந்த அக்காவிடம்தான் தோற்றுப்போனேன். மூன்று தடவை சேர்ந்தாள், மூன்று தடவையும் பாதியில் நின்றுவிட்டாள். பயந்தாங்கொள்ளி.

ஏப்ரல் 20, ஞாயிறு

மண்வெட்டி வந்துவிட்டது. இழுவைக் கயிறு, டயருக்குக் காற்றடிக்கும் மோட்டார், கூடவே ஒரு அகலத் தொப்பி. தொப்பி எதற்கு என்றேன். உயரத்தில் வெயில் கடுமை என்றார் அத்தான். ஜீப்புக்குத்தான் கூரை இருக்கிறதே என்றேன். அவர் வரைபடத்துக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்.

அக்கா தன் பங்குக்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். கடைசி பெட்ரோல் எங்கே, மூச்சு வாங்காமல் இருக்க முதல் இரண்டு நாள் எந்த உயரத்தில் தங்கி உடம்பைப் பழக்குவது, ஓடையில் எந்த நேரம் தண்ணீர் குறைவு. பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் குடுவைகளுக்குப் பெயர் ஒட்டியவள் அல்லவா, மலைக்கும் ஒட்டிவிட்டாள். மேசைமேல் மலையேறுவது ரொம்பச் சுலபம்.

மே 4, ஞாயிறு

ஊருக்கு வெளியே கைவிட்ட கல் குவாரியில் ஒத்திகை. அத்தான் ஓட்டினார் என்று எழுதக் கை கூசுகிறது. ஜீப் தன் பாட்டுக்குத் துள்ளியது, அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். பக்கத்து இருக்கையில் நான் தரையை மிதித்த மிதியில் கால்விரிப்பு கிழிந்துவிட்டது. என் ஸ்கூல் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் நான் மிதிப்பேன். இங்கே அது இல்லை என்று காலுக்குத் தெரியவில்லை.

பின்னாலிருந்து அக்கா, வலது சக்கரத்தை அந்தக் கல்மேல் ஏற்றினால் வண்டியின் அடி தட்டாது என்றாள். உனக்கு என்ன தெரியும், சும்மா இரு என்றேன். அத்தான் கல்லுக்கு இடப்பக்கம் போனார். அடி தட்டியது.

மே 11, ஞாயிறு

அத்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். ஸ்டெப்னியைத் தனியாளாகக் கழற்றி மாட்டிக் காட்டுகிறேன் என்று தூக்கினாராம். ஆறு வாரம் படுக்கை. குலுங்குகிற வண்டியில் இந்த வருடம் ஏறவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். மலை வரைக்கும் போகாமல் வீட்டு வாசலிலேயே கவிழ்ந்த ஒரே வீரர் இவராகத்தான் இருக்கும்.

மலைப் பேச்சு ஒரு வழியாக ஓய்ந்தது. அக்கா அவருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மே 18, ஞாயிறு

மலைப்பாதைக்கு அனுமதி வாங்கும் விண்ணப்பத்தை அக்கா நிரப்பிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் என்ற இடத்தில் தன் பெயர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லைசன்ஸ் எண் கேட்டிருக்கிறதே, அங்கே போன் நம்பரையா எழுதுவாய் என்றேன். பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். லைசன்ஸ். அவள் படம். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.

எங்கே கற்றுக்கொண்டாளாம்? என் ஸ்கூலுக்கு எதிர்ச்சாரியில் போர்டு உரிந்து கிடக்கிறதே, அங்கே! வாய் திறந்தால் முத்து கொட்டிவிடும் என்று பொத்தி வைத்திருக்கிற அந்த வாத்தியாரிடம்!

ஏன் என்று கேட்டேன். அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.

"உங்கிட்ட கத்துக்க முடியாதுடி. நான் தப்பு பண்றதுக்கு முன்னாடியே நீ மிதிச்சிடுவ. எது தப்புன்னு எனக்குத் தெரியவே இல்ல."

பிறகு சொன்னாள், அவள் ஓட்டப்போகிறாளாம், வந்தால் நான் பக்கத்தில் உட்காரலாமாம். வராவிட்டால் தனியாகப் போவாளாம்.

ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா எங்கிட்ட மூச்சு விடல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் கார்ல பக்கத்துல உக்காந்து, கடைக்கு வந்து, காய் வாங்கி... எப்படி முடிஞ்சது இவளால?

மே 23, வெள்ளி

மலைக்கு நான் போவதாக இல்லை. அவளும் போகப்போவதில்லை. ஜீப் சாவி என் கைப்பையில் இருக்கிறது.

மே 26, திங்கள்

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அக்கா ஸ்கூலுக்கே வந்து நின்றாள். கையை நீட்டினாள். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

"வீட்டுல இன்னொரு சாவி இருக்கு. இதுக்காக வரல. நீதான் எடுத்தியான்னு பாக்க வந்தேன்."

போய்விட்டாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ஜூன் 3, செவ்வாய்

எட்டு நாளாக அக்கா போனை எடுப்பதில்லை. எதிர்ச்சாரிக்குப் போனேன். பதினொரு வருடமாக எதிரெதிரே கடை. நான் அந்தப் படி ஏறியது இன்றுதான். நாற்காலிக்கு மூன்று கால்தான் சரி. சுவரில் சாலை விதிப் படங்கள் வெளுத்து, சிவப்பு விளக்கே வெள்ளையாகத் தெரிகிறது. வாத்தியார் காரின் கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார். எந்த தைரியத்தில் என் அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று தெரிந்தது.

அவர் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "இருபது நாள் வந்தாங்க. நான் பிரேக் போட்டது ரெண்டே தடவ. அதுல ஒண்ணு, நாய் குறுக்க வந்தது."

ஆமாம், பெரிய சாதனை. மிதிக்கச் சோம்பல்பட்டதையெல்லாம் கற்பிக்கும் முறை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 5, வியாழன்

இன்று எண்ணிப் பார்த்தேன். ஒரே ஆள், தையல்கடை அம்மா, நாற்பது நிமிட வகுப்பு. முப்பத்தேழு தடவை மிதித்திருக்கிறேன்.

அவசியமாக மிதித்தது மூன்று. சரி, நான்கு என்று வைத்துக்கொள்வோம். மற்ற முப்பத்துமூன்றும் எதற்கு? அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சிருங்க" என்றார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. அக்காவும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அது என் காதுக்கு மரியாதையாகப் பட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட வேண்டியதுதான். அவள் தனியாகப் போய், அந்த ஒன்றுமே இல்லாத பக்கமாக விழுந்துவிடுவாள் என்று பயமாக இருக்கிறது. சாவியை எடுத்தது அதனால்தான். அதனால் மட்டும்தானா என்று கேட்டால், இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கட்டிலிலிருந்தே தொப்பியோடு வரவேற்றார். வீட்டுக்குள் தொப்பி! நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க என்ன பாடு பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

நானும் வருகிறேன் என்றேன். சாவியை எடுத்தது தப்பு என்றும் சொன்னேன். அக்கா நிமிர்ந்து கேட்டாள்.

"வாயை மூடிக்கிட்டு வர முடியுமா உன்னால?"

முடியாது என்றேன்.

"அப்ப காலையாவது அடக்கிக்கிட்டு வா."

விண்ணப்பத்தை எடுத்து என் பெயரை இரண்டாவதாக எழுதினாள்.

ஜூலை 9, புதன்

இரண்டு நாள் கீழே தங்கி உடம்பைப் பழக்கிவிட்டு, இன்று முதல் கணவாய். தார் ரோடு முடிந்த இடத்தில் அக்கா இறங்கி, கல்லில் பிடிப்பு கிடைக்க நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தாள். ஒவ்வொன்றாக அளவு பார்த்து நோட்டில் குறித்தாள். பின்னால் இன்னொரு ஜீப்பில் வந்த கறுப்புக் கண்ணாடிக்காரர், மேடம், உங்களுக்கு உதவி வேண்டுமா என்றார். அவர் டயர் நான்கும் கல் மாதிரி விறைத்திருந்தன. உங்களுக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்றேன். அக்கா முறைத்தாள். வாய்க்குத்தான் தடை இல்லையே.

முன் இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வந்தேன். முட்டி வலி உயிர் போகிறது. அவள் லோ கியரில் போட்டு, கல் கல்லாக யோசித்து ஏற்றுகிறாள். மெதுவாகத்தான் ஓட்டுகிறாள். நான் அவ்வளவு மெதுவாக ஓட்டமாட்டேன். அடி எங்கேயும் தட்டவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இரண்டாவது கணவாய்க்கு முன்னால் பாதையில் பாதி சரிந்து கிடந்தது. அக்கா நிறுத்தினாள். இறங்கி நடந்து பார்த்தாள், காலால் மண்ணை அமுக்கினாள், திரும்பி வந்து ஏறினாள். வண்டி போகும், ஆனால் பள்ளத்துப் பக்கச் சக்கரம் தன் கண்ணுக்குத் தெரியாது, நான் முன்னால் நின்று கை காட்ட வேண்டும் என்றாள்.

இறங்கினேன். ஜீப்பைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே கை காட்டினேன். சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் நான்கு விரல் இடம். கண்ணை அதை விட்டு எடுக்கவில்லை. கொஞ்சம் வலது, நேராக, நேராக. சொன்ன இடத்துக்குச் சொன்ன அளவு வந்தாள். சரிவைக் கிட்டத்தட்டத் தாண்டியாயிற்று.

சட்டென்று வண்டி நின்றது. வா என்று கையை ஆட்டினேன். வரவில்லை. இன்னும் வேகமாக ஆட்டினேன். அசையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"நான்தான் வான்னு காட்டறேன்ல? யாரைக் கேட்டு நிறுத்தின?"

அக்கா கை பிரேக்கைப் போட்டாள். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி எனக்குப் பின்னால் காட்டினாள்.

திரும்பினேன். பாதை பாறைப் பக்கமாக வளைந்து போயிருந்தது. நான் வளையாமல் நேராகப் பின்வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண் மண். அதற்குப் பிறகு, ரொம்பக் கீழே, தண்ணீர் ஓடுவது தெரிந்தது. சத்தம் மேலே வரவில்லை.

இரண்டடி முன்னால் வந்தேன். பாறையை ஒட்டி நகர்ந்து நின்றேன். மறுபடி கையைத் தூக்கினேன். கை நடுங்கியது. நடுக்கம் நிற்கும்வரை அக்கா வண்டியை எடுக்கவில்லை.